கடல் தாண்டி வரும் தேன் பருந்துகளை எண்ணுவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

மலேசியாவின் போர்ட் டிக்சனுக்குத் தெற்கே, மலாக்கா நீரிணைக்குள் மூக்கை நீட்டியதுபோல் நிற்கும் காட்டுக்குன்று தஞ்சோங் துவான். சுமத்ராவிலும் ஜாவாவிலும் குளிர்காலத்தைக் கழித்த இரைகொல்லிப் பறவைகள் வடக்கே திரும்பும்போது, பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை இந்தக் குன்றைத் தொட்டுத்தான் கரையேறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000 முதல் மார்ச் மாதத்தில் இங்கே பொதுமக்களுக்கான பார்வை நாள்களை நடத்திவருகிறது. கணக்கெடுப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

சிரம்பான் வாசகர்: இத்தனை நீளக் கடற்கரை இருக்க, பறவைகள் எல்லாம் ஏன் இந்த ஒரு முனைக்கே வருகின்றன?

கடலின் மேல் பறக்கும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளத்தான். இங்கே வருபவற்றில் பெரும்பங்கான தேன் பருந்துக்கு இறக்கை அகலம், உடம்பும் கனம். அது தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் வட்டமடித்து உயரம் ஏறும். பிறகு இறக்கையை அசைக்காமல் சறுக்கிக்கொண்டே அடுத்த வெப்பக் காற்றுக்குப் போகும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை அதிகம் செலவில்லாமல் கடக்க அதற்குத் தெரிந்த வழி இது. பகல் வெயிலில் நிலம் சீக்கிரம் சூடாகும், நீர் ஆகாது. அதனால் கடலின் மேல் அந்தத் தூக்கு கிடைப்பதில்லை, இறக்கை அடித்தே வர வேண்டும். தூக்கு இல்லாத வழி எவ்வளவு குறைகிறதோ அவ்வளவும் பறவைக்கு லாபம்.

சுமத்ராவை ஒட்டிய ரூபாட் தீவின் வடமுனைக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே ஏறக்குறைய 38 கிலோமீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ரூபாட்டில் எடுத்த உயரத்தை வழிநெடுகச் செலவழித்துவிட்டு வருவதால், கரையை எட்டும்போது பறவைகள் தாழ்ந்து வருகின்றன. சில நேரம் குன்றின் மேல் உள்ள கலங்கரை விளக்கத்தின் அடியில் நிற்பவரின் கண்மட்டத்துக்கும் கீழே, முதுகு தெரிய வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை தெற்கே போகும்போது நிலைமை வேறு. அப்போது மலேசிய நிலத்தின் மேலேயே உயரம் ஏறிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதால், இதே இடத்தில் வெறும் புள்ளிகளாகத்தான் தெரியும். வசந்தகாலக் கணக்கு இங்கே சிறப்பாக அமைவதற்குக் காரணம் இந்தத் தாழ்வுதான்.

கிள்ளான் வாசகி: போன வருடம் பிள்ளைகளோடு காலை 8 மணிக்கே போய்க் காத்திருந்தோம். 10.30 வரை ஒரு பறவைகூட வரவில்லை, திரும்பிவிட்டோம். நாள் தப்பா, நேரம் தப்பா?

நேரம்தான், அம்மா. மலேசியக் கடிகாரத்தில் 12 மணி ஆகும்போது சூரியன் உச்சிக்கு வந்திருக்காது. 1982 முதல் தீபகற்ப மலேசியாவும் 120 பாகைத் தீர்க்கக்கோட்டு நேரத்தையே பின்பற்றுகிறது. தஞ்சோங் துவானோ 102 பாகைக்கு அருகில் இருக்கிறது. மார்ச் நடுவில் அங்கே உண்மையான உச்சிப்பொழுது ஏறக்குறைய 1.20 மணி. ஆக உங்கள் கைக்கடிகாரத்தின் 10.30, சூரியக் கணக்கில் 9 மணிதான்.

பறவையின் பக்கம் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமத்ரா நிலம் சூடேறி வெப்பக் காற்று கிளம்ப வேண்டும். இரவு தங்கிய காட்டிலிருந்து பறவை எழுந்து உயரம் ஏற வேண்டும். ரூபாட் முனைக்கு வர வேண்டும். பிறகு ஒரு மணி நேரக் கடல். இதையெல்லாம் கூட்டினால் 11 மணிக்குப் பிறகுதான் வரத்து சூடுபிடிக்கும். 11 முதல் 3 வரை கட்டாயம் இருங்கள். முறையாகக் கணக்கு எடுப்பவர்கள் 9 முதல் 5 வரை நிற்க வேண்டும், ஓரங்களில் எவ்வளவு வந்தது என்பதும் தெரிய வேண்டும் அல்லவா? நாளைப் பொறுத்தவரை, மார்ச்சின் முதல் இரண்டு வாரங்கள் நல்லவை.

சுமத்ராப் பக்கம் காலையில் மழை பெய்திருந்தால் எல்லாம் இரண்டு மணி நேரம் தள்ளிப்போகும். உங்கள் தலைக்கு மேல் வெயில் கொளுத்தும்போதும் இது நடக்கும், கரையில் நிற்பவருக்குக் காரணம் தெரியாது. மழைமேக ராடார் படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டால் அவசரப்பட்டுத் திரும்ப மாட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வரத்து அதிகமாக இருக்கும் அந்த நேரத்தில்தான் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. தலைக்கு மேல் போகும் பறவையைப் பைனாகுலரில் துரத்தும்போது சூரியன் குறுக்கே வந்துவிடலாம். ஒரு நொடி போதும், விழித்திரை நிரந்தரமாகச் சேதப்படும். சூரியனைச் சுற்றி விரித்த கையின் ஒரு சாண் அளவு வானத்தைப் பைனாகுலரால் தொடுவதில்லை என்று குழுவில் எல்லாரும் ஒத்துக்கொள்ளுங்கள். பறவை அந்தப் பக்கம் நுழைந்தால் மறுபுறம் வெளியே வரட்டும், அப்போது பிடித்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிக்கொடுங்கள்.

ஈப்போ வாசகர்: காட்டின் மேல் ஒரு பெரிய கூட்டம் வட்டமடித்தது. நான் 140 என்று எழுதினேன், நண்பர் 260 என்று எழுதினார். கடைசியில் 200 என்று போட்டுவிட்டோம். சரிதானா?

சரியில்லை. 140 ஒருவர் பார்த்தது, 260 இன்னொருவர் பார்த்தது. 200 என்பதை யாருமே பார்க்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவரே எண்ணுபவர். அவர் சொன்ன எண்தான் தாளில் ஏறும். இன்னொருவரும் எண்ணிப் பார்க்கலாம், ஆனால் வாயைத் திறக்காமல் எண்ணி, குறிப்பு என்ற கட்டத்தில் தனியாக எழுதட்டும். சத்தமாக எண்ணினால் ஒருவர் காது மற்றவர் கண்ணைக் கெடுத்துவிடும்.

உங்களுக்குள் இவ்வளவு வித்தியாசம் வந்ததற்கு முக்கியக் காரணம், வட்டமடிக்கும்போது எண்ணியதுதான். சுழலும் கூட்டத்தில் முன்னால் போன பறவை பின்னால் வந்து நிற்கும், ஒன்றின் பின்னே இன்னொன்று மறையும், கீழிருந்து புதியவை நுழைந்துகொண்டே இருக்கும். சுழல் உடையும் வரை பொறுத்திருங்கள். உச்சியை எட்டிய பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கத் தொடங்கும். நூல் பிரிந்து ஓடுவதுபோல் ஓர் ஓட்டம் உருவாகும். அந்த ஓட்டத்தின் குறுக்கே பைனாகுலரை அசையாமல் பிடித்துக்கொண்டு, பைனாகுலர் வட்டத்தின் ஓரத்தைத் தாண்டும் ஒவ்வொரு பறவைக்கும் கிளிக்கரை (ஒரு தட்டுக்கு ஓர் எண் கூட்டும் கைக்கருவி) ஒரு தட்டு தட்டுங்கள். பைனாகுலரைப் பறவையோடு நகர்த்தக் கூடாது. நீங்கள் நகர்ந்தால் எண்ணியதும் எண்ணாததும் கலந்துவிடும்.

தஞ்சோங் துவானில் இதைவிட எளிய வழி இருக்கிறது. கடலின் மேல் வரும்போது அவை பெரும்பாலும் சரம்சரமாகவே வருகின்றன. கரையைத் தொட்ட பிறகுதான், குன்றுக் காட்டின் மேல் எழும் வெப்பத்தில் வட்டமடித்து மீண்டும் உயரம் ஏறுகின்றன. ஆகவே கரையோரத்தையே எண்ணும் கோடாக வையுங்கள். கடலிலிருந்து அந்தக் கோட்டைத் தாண்டும்போது ஒரு முறை எண்ணியாயிற்று. அதன்பின் தலைக்கு மேல் எத்தனை வட்டமடித்தாலும் அது கணக்கில் வராது. பகல் நடுவில் கோட்டை மாற்றாதீர்கள். கடல் பக்கம் பாதி, காட்டுப் பக்கம் பாதி என்று எண்ணினால் ஒரே பறவை இரண்டு முறை ஏறிவிடும். இங்கே நடக்கும் பிழைகளில் பெரியது இதுதான்.

30 வரை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அதற்கு மேல் போய், வேகமும் கூடிவிட்டால் பத்துப்பத்தாகப் போக வேண்டும். முதல் பத்தை உண்மையாகவே எண்ணி, அந்தப் பத்து பைனாகுலர் வட்டத்தில் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனதில் பிடித்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின் மேல் ஒட்டிக்கொண்டே போங்கள். ஒரு பத்துக்கு ஒரு கிளிக். கூட்டத்தின் நடுவில் அடர்த்தி கூடும்; அங்கே ஒரு முறை நிறுத்திப் புதிதாகப் பத்து எண்ணி அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழகாத கண் பெரிய கூட்டத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடும். உங்கள் 140-ஐ நான் சந்தேகப்படுவது அதனால்தான்.

வீட்டிலேயே பழகலாம். ஒரு தேக்கரண்டி உளுந்தை வெள்ளைத் துணியில் வீசுங்கள். ஐந்து விநாடி பார்த்துவிட்டுத் தட்டால் மூடுங்கள். மனதில் பட்ட எண்ணை எழுதிவைத்துவிட்டு, பிறகு எண்ணிப் பாருங்கள். முதல் நாள் 80 என்று எழுதியது 110 ஆக இருக்கும். ஒரு மாலைக்குப் பத்து முறை, உளுந்தின் அளவை மாற்றிமாற்றி. வித்தியாசம் பத்தில் ஒன்றுக்குள் அடங்கும்வரை விடாதீர்கள். ஆனால் ஒன்று: உங்கள் கண் குறைத்துப் பார்க்கிறது என்று தெரிந்ததற்காகக் களத்தில் எழுதிய எண்ணை வீட்டுக்கு வந்து பெருக்கித் திருத்தக் கூடாது.

மலாக்கா வாசகர்: வானம் துல்லிய நீலமாக இருந்த நாளில் எங்களுக்குக் குறைவாகவே கிடைத்தது. மேகம் இருந்த நாளில் நிறைய. பறவைக்கு மேகம் பிடிக்குமா?

நீலத்தில் உங்களுக்குத் தெரியவில்லை என்பதே சரியான காரணமாக இருக்கும். பார்க்க எதுவும் இல்லாத வெறும் வானத்தில் கண் தன்னையறியாமல் கிட்டத்துப் பார்வைக்குத் தளர்ந்துவிடும். அப்போது 2 கிலோமீட்டரில் இருக்கும் பருந்து மங்கிக் காணாமல் போகும். வெள்ளை மேகத்தின் முன்னால் அதே பருந்து மிளகு போலத் தெரியும்.

இதற்கு மருந்து: இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நீரிணையில் போகும் கப்பலைப் பார்த்துப் பைனாகுலரின் கூர்மையைச் சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு அடிவானத்தில் தென்மேற்கை மையமாக வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாக ஒரு துடைப்பு. அடுத்த துடைப்பு அரை வட்டம் மேலே, முந்தையதில் பாதியை மூடியபடி. பிறகு அதற்கும் மேலே. மூன்று அடுக்கு முடிந்ததும் வெறுங்கண்ணால் தலைக்கு மேல் ஒரு பார்வை. எல்லாரும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்க, தலைக்கு மேல் நாற்பது பறவை போய்விடுவது சாதாரணமாக நடக்கிறது.

காற்றையும் கவனியுங்கள். மார்ச்சில் வடகிழக்குக் காற்று இன்னும் முழுக்க ஓயாது. அது தென்மேற்கிலிருந்து வரும் பறவைக்கு எதிர்க்காற்று. எதிர்க்காற்றில் தாழ்ந்து, தொட்டுவிடலாம் போல வரும். பின்காற்று கிடைத்த நாளில் மிக உயரத்தில் கடந்துபோகும், எண்ணிக்கை குறைந்ததாகத் தோன்றும். சுமத்ராவின் ரியாவ் பகுதியில் கரிநிலம் (மட்கிய தாவரங்கள் படிந்த சதுப்பு நிலம்) தீப்பிடித்துப் புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் நிலைமை இன்னும் மோசம். அதனால் எண்ணிக்கையோடு பார்வைத் தூரத்தையும் எழுதாவிட்டால், பறவை குறைந்ததா பார்வை குறைந்ததா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.

ஜொகூர் பாரு வாசகி: எல்லாம் பருந்தாகவே தெரிகின்றன. எதைப் பார்த்துப் பிரிப்பது?

நிறத்தை மறந்துவிடுங்கள். தேன் பருந்தில் வெளிர் நிறமும் உண்டு, செம்பழுப்பும் உண்டு, கிட்டத்தட்டக் கறுப்பும் உண்டு. நிறத்தை நம்பினால் ஒரே இனத்தை நான்காக எழுதுவீர்கள். உருவத்தைப் பாருங்கள். நீண்ட கழுத்தின் நுனியில் புறாத்தலை போல் சின்னத் தலை, நீண்ட வால், இறக்கை நுனியில் விரித்த விரல்கள் போல் ஆறு இறகுகள். இங்கே வரும் கூட்டத்தில் பெரும்பங்கு இதுதான். அருகில் வந்தால் ஆணையும் பெண்ணையும்கூடப் பிரிக்கலாம்: ஆணின் வாலில் இரண்டு அகலமான கரும்பட்டைகள், நடுவே அகலமான வெளிர்பட்டை, கரிய கண். பெண்ணின் வாலில் பட்டைகள் மெலிந்தவை, கண் மஞ்சள்.

கருப்பு பாசா என்ற இரைகொல்லி காக்கையைவிடச் சிறியது, அகன்று உருண்ட இறக்கை, காக்கையைப் போலவே அடித்துப் பறக்கும், நெருக்கமான கூட்டமாக வரும். சாம்பல் முகப் பருந்துக்கு இறக்கை குறுகல். சறுக்கும்போது தட்டையாகப் பிடிக்கும். தொண்டை வெள்ளை, நடுவே ஒரு கருங்கோடு. சிறிய வல்லூறுகளில் விரலை எண்ணுங்கள். நுனி கூராக, நான்கு விரல், வெளுத்த அடியிறக்கையில் மை தொட்டதுபோல் கறுத்த நுனி என்றால் சீன வல்லூறு. ஐந்து விரல், அடியிறக்கை முழுதும் வரிவரியாக இருந்தால் ஜப்பானிய வல்லூறு.

உள்ளூர்ப் பறவைகளைக் கணக்கில் ஏற்றிவிடுவது அடுத்த பிழை. செம்பருந்தும் வெள்ளை வயிற்றுக் கடல் கழுகும் அங்கேயே குடியிருப்பவை. நாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் போகும். போய்ச்சேர்ந்ததும் முதல் அரை மணி நேரம் அவற்றை மட்டும் பார்த்து முகம் பழகிக்கொள்ளுங்கள்.

தெரியாததைத் தெரியாதது என்றே எழுதுங்கள். ‘தேன் பருந்து அளவு, இனம் தெரியவில்லை’, ‘வல்லூறு வகை, இனம் தெரியவில்லை’, ‘இரைகொல்லி, வேறெதுவும் தெரியவில்லை’ என்று மூன்று கட்டங்கள் தாளில் இருக்கட்டும். அந்தக் கட்டங்கள் காலியாக இருக்கும் தாளை அனுபவம் உள்ளவர்கள் நம்ப மாட்டார்கள்.

பினாங்கு ஆசிரியர்: பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்தில் 12 மாணவர்கள். எப்படிப் பிரிப்பது, தாளில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஒரு நேரத்தில் நான்கு பேர் போதும். தென்மேற்குக் கடலின் இடப்பாதியை ஒருவர், வலப்பாதியை ஒருவர் துடைக்கட்டும். மூன்றாமவர் இனம் கண்டு எண்ணுபவர். இதற்கு உங்களில் பழக்கம் உள்ளவரே இருக்க வேண்டும். நான்காமவர் எழுதுபவர், அவர் தலையைத் தூக்கவே வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நால்வரும் மாற, மற்ற எட்டுப் பேர் நிழலில் ஓய்வெடுக்கட்டும். கழுத்தும் கண்ணும் களைத்துவிட்டால் எண்ணிக்கை விழும். இடம் சொல்லக் கடிகார முள்ளைப் பயன்படுத்துங்கள்: எதிரே கடலில் தெரியும் ஒரு நிலையான குறியை 12 மணி என்று வைத்துக்கொண்டால், “ஒரு மணிக்கு, அடிவானத்திலிருந்து மூன்று விரல் மேலே” என்றதும் எல்லாரும் திரும்பிவிடலாம். “அதோ அங்கே” என்ற சொல்லுக்குத் தடை.

தாளில் தேதி, பெயர்கள், தொடங்கிய முடித்த நேரம். அதன் கீழ் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரிசை, இனவாரியாக எண்ணிக்கை. மணி நேரத் தொடக்கத்தில் வானிலை: வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மேகம், காற்றின் திசை, வேகம். வேகம் அளக்கக் கருவி இல்லையென்றால் கடலைப் பாருங்கள். அலைநுனியில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தால் பியூஃபோர்ட் அளவுகோலில் 3, அடிக்கடி தெரிந்தால் 4, எங்கும் தெரிந்தால் 5. பறவை ஒன்றும் வராத மணி நேரத்தில் 0 என்று எழுத வேண்டும். காலிக்கட்டம் என்றால் அப்போது யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

பொருள்கள்: 8 மடங்கு அல்லது 10 மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் மூன்று, கிளிக்கர் இரண்டு, தாள் அட்டை, பென்சில் (வியர்வை பட்டால் பேனா மை கலையும்), தலைக்கு ஓரம் அகன்ற தொப்பி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். சாப்பாட்டைப் பைக்குள் மூடி வையுங்கள், அங்கே குரங்குகள் பிடுங்கிக்கொண்டு போகும்.

தைப்பிங் வாசகர்: கரையேறிய சில பறவைகள் திரும்பக் கடலுக்கே போனதைப் பார்த்தோம். கழிக்க வேண்டுமா?

வந்தபோது தாண்டிய அதே கோட்டை வெளிப்பக்கமாகத் தாண்டிப் பார்வையிலிருந்து மறைந்தால் மட்டும் கழியுங்கள். ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு பத்திகளில் எழுதி, மாலையில் கழிப்பது நல்லது. அந்த இடத்திலேயே மனக்கணக்குப் போட்டால் மூல எண் போய்விடும். கடலின் மேல் ஒரு வளையம் போட்டுவிட்டு மீண்டும் வந்தவற்றுக்கு எதுவும் செய்ய வேண்டாம்.

மதுரை வாசகர்: தமிழ்நாட்டில் இப்படி ஓர் இடம் உண்டா?

கடல் தாண்டும் முனை என்ற வகையில் தஞ்சோங் துவானோடு ஒப்பிட நம் பக்கம் இடம் சொல்ல முடியாது. தமிழ்நாட்டுக் காடுகளில் பார்க்கும் தேன் பருந்துகளில் ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பவையும் உண்டு. உங்களால் செய்ய முடிந்தது பூனைப்பருந்துக் கணக்கு. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துத் திறந்தவெளிகளுக்குக் குளிர்காலத்தில் வந்து, மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்புபவை அவை. இரவில் புல்வெளியில் தரையிலேயே கூட்டமாக உறங்கும். சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே, 200 மீட்டருக்கு இப்பால் உட்கார்ந்து, உள்ளே வருபவற்றை இருட்டும்வரை எண்ண வேண்டும். ஒருபோதும் புல்வெளிக்குள் நடக்காதீர்கள். கலைந்த கூட்டம் வேறு இடம் தேடிப் போய்விடும். வாரம் ஒரு மாலை என்று தொடர்ந்தால், எந்த வாரம் அவை கிளம்பின என்பது உங்கள் நோட்டிலேயே இருக்கும்.

கோலாலம்பூர் வாசகர்: போன வருடம் எங்கள் குழு ஒரு நாளில் 420, இந்த வருடம் 270. தேன் பருந்து குறைந்துவருகிறது என்று எழுதலாமா?

எத்தனை மணி நேரம் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. போன வருடம் 6 மணி நேரம் நின்றிருந்தால் மணிக்கு 70. இந்த வருடம் 3 மணி நேரம்தான் நின்றிருந்தால் மணிக்கு 90. கூடியதா குறைந்ததா என்ற விடையே தலைகீழாகிவிடுகிறது. அதிலும் 11 முதல் 2 வரை நின்ற மூன்று மணி நேரமும் 9 முதல் 12 வரை நின்ற மூன்று மணி நேரமும் ஒன்றல்ல. ஒரே மணி நேரத்தை ஒரே மணி நேரத்தோடுதான் ஒப்பிடலாம்.

ஒரு நாளை ஒரு நாளோடு ஒப்பிடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு மழை போதும், இன்று வர வேண்டிய கூட்டம் நாளை வரும். பருவம் முழுவதும், ஒரே இடத்தில், ஒரே நேரங்களில், பல ஆண்டுகள் எடுத்தால்தான் ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் பேச முடியும்.

ஆனாலும் எடுத்துக்கொண்டே இருங்கள். இந்தப் பறவைகளின் கூடுகள் சைபீரியாவிலிருந்து ஜப்பான்வரை பரந்த காடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அங்கே போய் எண்ண ஆளில்லை. ஜப்பானியப் பறவையியலாளர் ஹிரோயோஷி ஹிகுச்சியின் குழு ஜப்பானியத் தேன் பருந்துகளின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பார்த்ததில், இலையுதிர்காலத்தில் கிழக்குச் சீனக் கடலை நேரே தாண்டும் அவை, வசந்தத்தில் மலாய் தீபகற்பம், சீனா, கொரியத் தீபகற்பம் என்று நிலவழியே சுற்றிக்கொண்டு ஜப்பானுக்குத் திரும்புவது தெரியவந்தது. ஆக உங்கள் கோட்டைத் தாண்டிய பறவைக்கு ஜூலை மாதத்தில் குளவிக்கூட்டைக் கிண்டிக் குஞ்சுக்கு ஊட்டும் வேலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் காத்திருக்கலாம். போன வருடத் தாளைத் தேடி எடுத்து, தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு ஆண்டுகளின் மணிவாரிக் கணக்கையும் எங்களுக்கு அனுப்புங்கள், சேர்த்துப் பார்த்துச் சொல்கிறோம்.